கொறங்காட்டில் இரண்டு ராத்திரி: வாசகர் கேள்விகளும் ஒரு பட்டறைக்காரரின் பதில்களும்

போன இதழில், ஐப்பசி அடைமழையில் பேரப்பிள்ளைகளோடு காங்கயம் பக்கத்துக் கொறங்காடு ஒன்றில் வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு வரை தங்கிய கதையை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: நான் சங்ககிரியில் 31 வருடம் லாரிக்குப் பாடி கட்டியவன். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன டிரெய்லர் ஒன்றை என் பட்டறையிலேயே கட்டினேன். மேல்மூடியைப் புரட்டிப் போட்டால் கித்தான் கூடாரம் விரியும். பலகைமேல் நாலு பேர், கீழே மடக்குக் கட்டிலில் இரண்டு பேர் படுக்கலாம். நான், வீட்டம்மா, மகன், மருமகள், பேத்தி, பேரன் என ஆறு பேர் போனோம். முதல் ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மீதியில் பல, "இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இது" என்ற ரகம். அவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

தண்ணீர் வந்தது என்று எழுதினீர்கள். எப்படி வந்தது என்று எழுதவில்லை. வெட்கமா? (பல்லடம் வாசகர்)

ஆமாங்க, வெட்கந்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நாலரை மணி. மச்சினனுடைய கொறங்காடு ஏழு ஏக்கர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்து மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும்.

காட்டின் நடுவில் பெரிய வெள்வேல மரம் ஒன்று. அதற்குக் கிழக்கே மேசை போட்டது போலச் சமமான புல்தரை. பட்டறைக்காரன் கண்ணுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? மட்டக்கோலை வைத்துப் பார்த்தேன், குமிழி அசையாமல் நடுவில் நின்றது. அங்கேயே நிறுத்தினேன். என் வீட்டம்மா அந்தப் பக்கத்துப் பெண், சின்ன வயதில் கொறங்காட்டில் ஆடு மேய்த்தவள். வண்டியை விட்டு இறங்கியதுமே சொன்னாள்: "ஏனுங்க, புல்லெல்லாம் ஒரே பக்கமாப் படுத்திருக்குது. தண்ணி வார தடமாட்ட இருக்குதுங்க." நான் அவளிடம் மட்டக்கோலைக் காட்டினேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

ராத்திரி 2 மணிக்கு, கீழே கட்டிலில் படுத்திருந்த மகன் "அப்பா, செருப்பு மிதக்குது" என்றான். டார்ச் அடித்தால் பேரனின் ஒற்றைச் செருப்பு கட்டில் காலைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. கணுக்கால் அளவுத் தண்ணீர், சத்தமே இல்லாமல் வந்திருக்கிறது. அந்த இருட்டில் வண்டியை நகர்த்துவது ஆகாத காரியம். சாமானையெல்லாம் தூக்கிப் பலகைமேல் போட்டுக்கொண்டு, ஆறு பேரும் மேலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் 40 தப்படி தள்ளி ஒரு சரளை மேட்டுக்கு இழுத்துப் போனோம். அந்த மேட்டைக் காட்டியது யார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஏழு ஏக்கர் என்பது சுமார் 28,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 14 லட்சம் லிட்டர் ஆகிறது. அதில் கால்வாசி வழிந்து ஓடினாலும் மூன்றரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட 30 லாரி! அத்தனையும் போகிற வழியில் நான் ஆறு பேருக்குப் படுக்கை விரித்திருக்கிறேன்.

இடம் பார்ப்பது பற்றி வீட்டம்மாவிடம் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புல் ஒரே திசையில் படுத்திருந்தால் அது தண்ணீர்த் தடம். வேலியடியில் சருகும் குச்சியும் ஒரு கோடு போலத் தேங்கியிருந்தால், போன மழைக்குத் தண்ணீர் அந்த உயரம் வந்திருக்கிறது. தரையில் மெல்லிய வண்டல் காய்ந்து அப்பளம் போல வெடித்திருந்தால் அங்கே தண்ணீர் தங்கும். ஆட்டுப் புழுக்கை எங்கே குவிந்து கிடக்கிறதோ அங்கே நில்லுங்கள். ஆடு ஈரத்தில் படுக்காது, மேடான காய்ந்த இடமாகத்தான் தேடிப் படுக்கும். சரளை கலந்த செம்மண் தண்ணீரைக் குடித்துவிடும். கரிசல் அப்படியில்லை, சக்கரத்தைப் பிடித்தால் விடாது. மட்டக்கோலும் வேண்டியதுதான், ஆனால் அது கடைசியில். மேடாகப் பார்த்து நிறுத்திவிட்டு, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தால் சமமாகிவிடும்.

புதுக் கித்தான் கூடாரம் வாங்கினோம். முதல் மழையிலேயே தையல் வழியாக ஒழுகுகிறது. ஏமாந்துவிட்டோமா? (கரூர் வாசகி)

பருத்திக் கித்தானாக இருந்தால் பெரும்பாலும் ஏமாறவில்லை. அதைப் பழக்காமல் எடுத்துப் போயிருப்பீர்கள். புதுக் கித்தானில் ஊசி போன ஒவ்வொரு துளையும் திறந்தே இருக்கும். வீட்டு வாசலில் விரித்துக் கட்டி, தோட்டத்துக் குழாயால் தொப்பலாக நனையுங்கள். முழுக்கக் காயவிடுங்கள். மறுபடி நனையுங்கள், மறுபடி காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நூல் ஊறிப் பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். லாரிப் படுதா தைக்கிறவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். இதற்குப் பிறகும் ஒழுகினால் தையல் மேல் மெழுகு தேய்க்கலாம்.

மழை பெய்யும்போது உள்பக்கத்திலிருந்து விரலால் தொடாதீர்கள். தொட்ட இடத்தில் தண்ணீர் உள்ளே கசிய ஆரம்பிக்கும். எங்கள் பேத்தியிடம் இதைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. ஐந்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டாள். அந்த ஐந்து இடத்திலிருந்தும் ராத்திரி முழுக்க அவள் அப்பா தலையில் சொட்டியது.

விடிகாலையில் உட்பக்கம் முழுக்க நீர்த்துளியாக நின்றால் அது ஒழுகல் அல்ல, உள்ளே படுத்தவர்கள் விட்ட மூச்சு. குளிருகிறதே என்று எல்லா ஜன்னலையும் மூடினால் இதுதான் நடக்கும். காற்றடிக்காத பக்கம் மேல்ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள்.

வாசலில் நிழலுக்குக் கட்டுகிற பந்தல் தார்ப்பாயை மறக்காதீர்கள். நான் அதைத் தட்டையாகக் கட்டிவிட்டேன். நடுவில் குளம் போலத் தண்ணீர் தேங்கி, ஒரு அங்குல ஜிஐ பைப் வில்லாக வளைந்தது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் தார்ப்பாயில் 50 மில்லிமீட்டர் மழை தேங்கினால் 600 கிலோ, எங்கள் டிரெய்லரின் எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு மூலையை நன்றாகத் தாழ்த்திக் கட்டுங்கள், அந்த மூலையின் கீழே ஒரு குடம் வையுங்கள். பாத்திரம் கழுவத் தண்ணீர் கிடைத்துவிடும்.

முக்கியமான வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான் இருக்கிறது. ஈரத்தோடு மடித்த கித்தான் இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும், அந்தக் கறுப்புப் புள்ளி ஜென்மத்துக்கும் போகாது. நாங்கள் ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு வந்தோம். வந்த களைப்பிலும் லாரி ஷெட்டுக்குள் விரித்துக் கட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தோம்.

டாப்ஸ்லிப், வால்பாறைக்கு இதை இழுத்துப் போய்க் காட்டுக்குள் தங்கலாமா? நிஜக் காடு அங்கேதானே! (பொள்ளாச்சி வாசகர்)

தங்க முடியாது. தங்கவும் கூடாது. டாப்ஸ்லிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் சாலையும் காப்பகத்துக்குள் புகுந்துதான் போகிறது. வனத்துறை விடுதியில் முன்பதிவு செய்து தங்குவது வேறு, நினைத்த இடத்தில் வண்டியை ஒதுக்கிக் கூடாரம் விரிப்பது வேறு. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதில் ஒரு குழு நம் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனது. அந்த வாரம் எங்கள் ஊரில் டீக்கடையில்கூட யாரும் சத்தமாகப் பேசவில்லை.

சட்டத்தை விடுங்கள், பாதையைப் பாருங்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. திம்பத்துக்கு 27, அங்கே 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் இருக்கிறது. வளைவில் டிரெய்லரின் சக்கரம் காரின் தடத்திலேயே வராது, உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். இறக்கத்தில் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். மழையில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்று லாரிக்காரர்களைக் கேளுங்கள்.

ஆழியாறு அடிவாரத்துத் தென்னந்தோப்பு யாராவது சொந்தக்காரருடையது இருந்தால், அவர் சம்மதத்தோடு தங்கலாம். ஆனால் யானை வருமா என்று தோப்புக்காரரிடம் கேட்காதீர்கள், "எப்பவாச்சும்" என்பார். தோப்பில் ராக்காவல் இருக்கிறவரைக் கேளுங்கள். அவர் தேதியோடு சொல்வார். வருகிற தோப்பு என்றால் வேண்டாம். கித்தான் மழையைத்தான் தடுக்கும்.

"நிஜக் காடு" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் தோட்டத்துக்குப் போவதையே "காட்டுக்குப் போறேன்" என்றுதான் சொல்வோம். புலி இருந்தால்தான் காடா?

என்ன வண்டியால் இழுக்கிறீர்கள்? எனக்கும் ஒன்று கட்ட ஆசை. (நாமக்கல் வாசகர்)

பொலேரோ. டிரெய்லர் சாமானோடு 640 கிலோ. முதலில் காகிதம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 61-வது பிரிவின்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். பட்டறையில் வெல்டிங் அடித்து அப்படியே ரோட்டில் ஏற்ற முடியாது. இரும்பு வாங்கும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் வெட்டி முடிப்பதாக ஆகும்.

அடுத்தது எடை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி முன்கொக்கியில் இறங்க வேண்டும். பின்னால் கனம் அதிகமானால் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், காரையும் சேர்த்து ஆட்டும். நான் வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷினைப் பலகைமேல் வைத்து, கொக்கியை அதில் இறக்கிப் பார்த்தேன். 58 கிலோ காட்டியது. தண்ணீர் கேனை முன்னால் வைத்தால் 70 தாண்டுகிறது. அதனால் கேன் அச்சுக்கு நேர் மேலே.

டிரெய்லருக்குக் காரின் அதே சக்கரத்தையே போடுங்கள், ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியைப் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுங்கள். ஓடிச் சூடான ஹப்பை ஓடைத் தண்ணீரில் இறக்கினால், சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நின்று ஆறவிட்டு இறக்குங்கள், ஊருக்கு வந்ததும் பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வையுங்கள்.

ரிவர்ஸ்தான் எல்லோருக்கும் தகராறு. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான். நான் இதை மகனுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது இட்டேரியில் எதிரே ஒரு பட்டி ஆடு வந்தது. இரண்டு பக்கமும் வேலி, வண்டிக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒரு முழம் இடம், தரையெல்லாம் சேறு. 150 அடி பின்னால் வரவேண்டியதாகிவிட்டது. மகன் ஒரே மூச்சில் வந்துவிட்டான். நான் ஓட்டியிருந்தால் வேலிக்குள்தான் நின்றிருப்பேன். கிளுவை முள் இழுத்த மூன்று கோடு இன்னும் டிரெய்லரின் இடது பக்கத்தில் இருக்கிறது, அது போகும்போது நான் போட்டது.

மழையில் என்ன சமைத்தீர்கள்? (அவிநாசி வாசகி)

அரிசிம்பருப்புச் சோறு. வேறென்ன? ஒரே குக்கர், ஒரே கரண்டி. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, இரண்டு சில் தேங்காய். மேலே நெய். வெங்காயத்தை வீட்டிலேயே உரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள், மழையில் தோல் எங்கே பார்த்தாலும் ஒட்டும். ராத்திரிக்குக் கொள்ளு வேகவைத்து, பருப்பைக் கடைந்து, வடித்த தண்ணீரில் ரசம். காலையில் சந்தவை (எங்கள் பக்கத்து இடியாப்பம்) பிழிகிறேன் என்று மருமகள் ஆசைப்பட்டு மரச் சந்தவைக் கட்டையைத் தூக்கி வந்தாள். அதன் காலை எந்தச் சேற்றில் ஊன்றுவது? தூக்கி வந்தபடியே திரும்பிப் போனது.

5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் போதும். விறகு நனைந்துவிட்டது, குளிருகிறது என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு போகவே போகாதீர்கள். மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்ஸைடு விடும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். பந்தலுக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில் மட்டும்.

கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள்? ஆண்கள் யாரும் இதை எழுதுவதில்லை. (திருப்பூர் வாசகி)

உண்மைதான், நானும் போன இதழில் எழுதவில்லை. வீட்டம்மாவும் மருமகளும் வருவதற்கு முன்வைத்த ஒரே நிபந்தனை இதுதான். நாலு பைப்பைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிய மறைப்பு, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் துளை வெட்டி, கீழே மூடியோடு ஒரு வாளி, பக்கத்தில் ஒரு மூட்டை மரத்தூள். ஒவ்வொரு தடவையும் ஒரு கை மரத்தூள் போட்டால் வாடை வராது. பட்டறையில் மரத்தூளுக்கா பஞ்சம்? மறுநாள் கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் 200 அடிக்கு மேல் தள்ளி ஒரு முழக் குழி வெட்டி மூடினோம். வெட்டியது நானும் மகனும்.

குழந்தைகள் சலிப்படையவில்லையா? (கோபி வாசகர்)

அடைந்தார்கள். ஞாயிறு காலை 11 மணியிலிருந்து 3 மணிவரை விடாமல் பெய்தது. தாயக்கட்டை ஒரு மணி நேரம் தாங்கியது. மகனின் போனில் சார்ஜ் தீர்ந்ததும் ஐந்து வயதுப் பேரன் "ஊட்டுக்குப் போலாம் அப்பாரு" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அதற்கு முந்தின ராத்திரி இடிக்கு அழுதது தனிக் கணக்கு. "பிள்ளைகள் இயற்கையில் மெய்மறந்தார்கள்" என்றெல்லாம் எழுத எனக்கு வராது.

ஆனால் மழை விட்ட அரை மணி நேரம் ஒன்று இருந்தது. செம்மண்ணில் சிவப்பு வெல்வெட்டைக் கிள்ளிப் போட்டது போலத் தம்பலப்பூச்சி இரண்டு ஊர்ந்து வந்தன. சங்கப் பாட்டில் இதைத்தான் மூதாய் என்கிறார்கள். பேத்தி கால்களை எண்ணிவிட்டு, "எட்டுக் கால் இருக்குது, அப்படின்னா இது பூச்சியே இல்லை, சிலந்தி ஜாதி" என்றாள். ஆறாம் வகுப்பு. எனக்கு 63 வயதில்தான் அது தெரியும். அப்புறம் மச்சினனின் காங்கயம் மாடு ஈன்ற கன்று. தாய் வெள்ளை, கன்று செவலை. "வேற மாட்டுக் கன்னா?" என்று பேரன் கேட்டான். காங்கயத்துக் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறும் என்று அவன் அப்பத்தா சொன்னாள். அவன் நம்பவில்லை. சித்திரையில் வந்து சோதித்துப் பார்க்கப் போகிறானாம். சாயங்காலம் ஈசல் கிளம்பி விளக்கை மொய்த்தது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டே சாமான் கட்டினோம்.

பாம்பு? இடி? (மூலனூர் வாசகர்)

மூலனூர்க்காரர் பாம்பைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே! கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்தவர்களைத்தான் அதிகம் கடிக்கும். அதனால்தான் எங்கள் டிரெய்லரில் யாருக்கும் தரையில் படுக்கை கிடையாது. ஜிப்பைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகக்கூடாது, காலையில் ஷூவை உதறாமல் மாட்டக்கூடாது, டார்ச் இல்லாமல் இறங்கக்கூடாது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே விஷமுறிவு மருந்து உண்டு. போகும் முன்பே எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழை ராத்திரியில் போனில் தேட முடியாது, டவரே இருக்காது.

இடிக்குக் கூடாரம் பாதுகாப்பில்லை, தனி மரத்தடி அதைவிட மோசம். நான் முதலில் நிறுத்தியது இரண்டும் சேர்ந்த இடம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் எல்லோரும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து இறங்கலாம். சனி ராத்திரி 8 மணிக்கு நாங்கள் ஆறு பேரும் பொலேரோவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முறுக்கு டப்பா அங்கேயே காலி.

என் மகள் பிரிஸ்பேனில் இருக்கிறாள். கேம்பர் டிரெய்லர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு குழந்தைகளோடு மழையில் காட்டுக்குப் போகிறார்களாம். பயமாக இருக்கிறது. (உடுமலை வாசகி)

பயப்படாதீர்கள் அம்மா. எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்ததே அங்கேதான். என் மகளும் அந்த ஊர்தான். 2018 பிப்ரவரியில் போயிருந்தேன். அங்கே அது கோடை, மழையும் அப்போதுதான். மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்த டிரெய்லரோடு ஊருக்கு வடக்கே ஒரு மழைக்காட்டில் இரண்டு நாள். எல்லோரும் உள்ளே டீ குடிக்க, நான் அளவு டேப்போடு டிரெய்லருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர் வண்டி கெட்டுப்போனதென்று நினைத்து ஸ்பேனர் பெட்டியோடு வந்துவிட்டார். அங்கே 750 கிலோ வரைக்கும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை என்று அவர்தான் சொன்னார்.

அங்கே தேசியப் பூங்காவில் தங்க முன்கூட்டியே அனுமதி பதிவு செய்ய வேண்டும், எந்த இடம் என்பதும் அதிலேயே இருக்கும். மகளிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். ஒன்று, யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தவேண்டாம். காற்றே இல்லாதபோதும் பெரிய கிளை முறிந்து விழும் மரம் அது. இன்னொன்று, ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தால் காரை இறக்கவேண்டாம். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி ஆழம் இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். "வெள்ளமென்றால் மறந்துவிடு" என்பது குயின்ஸ்லாந்தில் அரசே ஊரெங்கும் சொல்கிற வாசகம். நம் அமராவதி, நொய்யல் தரைப்பாலங்களுக்கும் இதை எழுதிவைக்கலாம்.

அட்டை கடிக்கும். வால்பாறை போனவர்களுக்குத் தெரிந்த சமாசாரந்தான், நகத்தால் நெம்பி எடுத்தால் போதும். ஆறு அடி நீளத்துக்கு உடும்பு ஒன்று சாப்பாட்டு வாசனைக்கு வரும். வந்தால் வரட்டும், கறியை மட்டும் மூடி வைக்கச் சொல்லுங்கள்.

டிரெய்லரின் வரைபடத்தை அனுப்ப முடியுமா? (சென்னிமலை, ஓமலூர், அந்தியூர், இன்னும் பலர்)

வரைபடம் என்று ஒன்று இல்லைங்க. பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டேன். வேலை முடிவதற்குள் அது டீக்கறையிலும் ஆயிலிலும் அழிந்துவிட்டது. அளவு சொல்கிறேன்: பெட்டி நீளம் 7 அடி, அகலம் நாலரை, மூடியைப் புரட்டினால் படுக்கை 7-க்கு 9. அச்சு நடுவிலிருந்து நாலு அங்குலம் பின்னால். பெட்டியிலிருந்து கொக்கிவரை நீளும் நுனிக்கம்பி நாலரை அடி, அதைக் குறைக்காதீர்கள், குறைத்தால் ரிவர்ஸில் படுத்தும். காரின் கொக்கி உயரத்தை மட்டும் ஆள், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அளந்து பாருங்கள். நான் வெறும் வண்டியில் அளந்து கட்டிவிட்டு, மறுபடி அறுத்து இரண்டு அங்குலம் இறக்கினேன். அறுத்த துண்டு இன்னும் பட்டறையில் கிடக்கிறது, கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறேன்.